நவராத்திரி: இல்லத்தில் ஓர் உபாசனை

புரட்டாசி அமாவாசை நெருங்கும் நாட்களில் தென் திருவிதாங்கூர்ப் பகுதியில் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் ஓய்ந்துவிடும். துலா மாதத்து மழை இன்னும் தொடங்கியிராது. வடநாட்டார் சரத் ருது என்று போற்றும் காலம், இங்கே இரு மழைகளுக்கு நடுவே கிடைக்கும் ஒரு சிறிய இடைவெளியே ஆகும். அந்த இடைவெளியில்தான் சாரதா நவராத்திரி வருகிறது.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட கொல்லயில் முதலிய எல்லைப்புறக் கிராமங்களில், நவராத்திரி பிறப்பதற்கு முன்பே அதன் வரவு தெரிந்துவிடும். பத்மநாபபுரம் அரண்மனையின் தேவாரக்கட்டு சரஸ்வதி தேவி யானை மீதும், வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் பல்லக்குகளிலும் புறப்பட்டு, மன்னரின் உடைவாள் முன்செல்ல, திருவனந்தபுரம் நோக்கி எழுந்தருள்கின்றனர். முதல் இரவு குழித்துறையிலும் மறு இரவு நெய்யாற்றின்கரையிலும் தங்கல். களியக்காவிளை, பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை என்று நீளும் சாலையின் இருமருங்கிலும் வீட்டு வாசல்களில் நிலவிளக்கு ஏற்றி, பூவும் பழமும் படைத்து மக்கள் காத்து நிற்பர்.

தேவாரக்கட்டு சரஸ்வதி, கவிச்சக்கரவர்த்தி கம்பர் வழிபட்டு, பின்னர் சேர மன்னரிடம் ஒப்படைத்த மூர்த்தி என்பது மரபு. தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறிய பின், தேவியை அங்கே எழுந்தருளச் செய்யும் வழக்கம் சுவாதித் திருநாள் மகாராஜா (ஆட்சி 1829–1846) காலத்தில் நிலைபெற்றது. 1956 நவம்பர் 1 அன்று கல்குளம், விளவங்கோடு முதலிய தென் தாலுகாக்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அன்று முதல் அன்னை ஆண்டுதோறும் ஒரு மாநில எல்லையைக் கடந்து செல்கிறாள், மீள்கிறாள். மொழியாலும் ஆட்சியாலும் பிரிந்த இரு கரையினரும் அவளை ஒரே விதமாகத்தான் வணங்குகின்றனர்.

ஊர்வலம் கடந்து சென்ற பின் வழிபாடு வீட்டுக்குள் தொடர்கிறது. தமிழ்க் குடும்பங்களில் கொலுப்படி எழும்பும். பரணிலிருந்து இறங்கிய மண்பொம்மைகளைத் துடைத்து, உடைந்த கைக்கு வண்ணம் பூசி, எந்தப் படியில் எதை வைப்பது என்று தாயும் மக்களும் வழக்காடுவர். ஆண்டின் மற்ற நாட்களில் பொழுதுபோக்கு என்று சொல்லப்படும் கோலம், பாட்டு, பூத்தொடுத்தல், சமையல் ஆகியவை இந்த ஒன்பது நாளும் தேவியின் பணியாகின்றன. செயல் மாறவில்லை, அதன் உரிமையாளர் மாறிவிட்டார்.

பகவத்கீதையின் ஒன்பதாம் அத்தியாயத்து 27-ஆம் சுலோகத்தைச் சாதகர்கள் இங்கே நினைவுகூர வேண்டும். தமக்கு அர்ப்பணிக்க வேண்டியவற்றைப் பகவான் அடுக்கும் வரிசை கவனத்துக்குரியது. முதலில் செய்யும் செயல், அடுத்து உண்ணும் உணவு. வேள்வியும் தானமும் தவமும் அதன் பிறகே வருகின்றன. அடுக்களை வேள்விக்கு முன்னதாகவே சொல்லப்பட்டுவிட்டது! பூஜைக்கு நேரம் கிட்டவில்லையே என்று ஏங்கும் இல்லத்தரசியர் இவ்வரிசையைச் சிந்தித்தால் ஏக்கம் சற்றுத் தணியும்.

சுண்டலையே எடுத்துக்கொள்வோம். மறுநாள் மாலை நிவேதனத்துக்கு முந்தைய இரவே கடலையை நீரில் இட வேண்டும். மறந்துவிட்டால், காலையில் எவ்வளவு தீ எரித்தாலும் அது பக்குவமாக வேகாது. நாளைய நிவேதனத்தை இன்றிரவே எண்ணச் செய்வதால், எளிய கொண்டைக்கடலை ஒரு சங்கற்பத்தைக் கேட்கிறது. வெந்தபின் தாளித்து, தேங்காய்த் துருவல் தூவி இறக்கும்போது சமைப்பவர் ருசி பார்ப்பதில்லை. உப்புக் கூடினாலும் குறைந்தாலும் தேவி முதலில் ஏற்க வேண்டும். பிறகு அது வீட்டாருக்கு மட்டும் உரியதன்று. வாசலில் வந்தவர், வேலிக்கு அப்பால் வேறு சமயத்தைப் பின்பற்றும் அண்டைவீட்டார் என எல்லோருக்கும் இலைத்துண்டில் போகிறது. பங்கிடாத நிவேதனம் பாதி வழிபாடே.

திருவனந்தபுரம் சேர்ந்த சரஸ்வதி தேவி, கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில் வீற்றிருக்கிறாள். அவள் திருமுன் ஒன்பது மாலையும் சுவாதித் திருநாளின் நவராத்திரிக் கீர்த்தனைகள் முதல் நாள் சங்கராபரணம், இரண்டாம் நாள் கல்யாணி என்று தொடங்கி ஒன்பதாம் நாள் ஆரபி வரை முறையாகப் பாடப்படுகின்றன. அங்கே கைதட்டும் வழக்கம் இல்லை. பாடுபவர் கலைஞராக அன்றி உபாசகராக அமர்கிறார் என்பதே அதன் கருத்து.

ஆனால் நெடுங்காலம் அந்த உபாசனைக்கு ஆண்கள் மட்டுமே அழைக்கப்பட்டனர். வீணையேந்திய அன்னையின் முன் பெண்குரல் ஒலிக்கவில்லை. தேவி ஆண்டுதோறும் கடந்து செல்லும் பாறசாலையில் 1924-இல் பிறந்தவர் பொன்னம்மாள். திருவனந்தபுரத்தில் இன்று சுவாதித் திருநாள் பெயரால் விளங்கும் இசைக்கல்லூரியின் முதல் மாணவி; பின்னாளில் திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. இசைக்கல்லூரியின் முதல் பெண் முதல்வர். பாடுவதும் கற்பிப்பதுமாக வாழ்ந்த அவருக்கு அந்த மண்டபத்தின் கதவு திறந்தது 2006-இல், எண்பத்தொன்றாம் வயதில். ஒரு மரபு தளர்ந்தது என்று சிலர் வருந்தியிருக்கலாம். எனினும் அன்னைக்கு உரிய பாட்டைப் பெண் பாடலாகாது என்னும் விதி, பக்தியின் இயல்போடு எவ்வாறு பொருந்தும்? 2017-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 2021-இல் மறைந்தார். அழைப்பு வரும்வரை அவர் பாட்டை நிறுத்தி வைக்கவில்லை என்பதையே சாதகர்கள் பயில வேண்டும்.

நிறுத்தி வைக்க வேண்டிய தருணமும் நவராத்திரியில் உண்டு. அஷ்டமி மாலையில் பூஜைவைப்பு. மாணவன் புத்தகத்தையும், தச்சன் உளியையும், பாடகி சுருதிப்பெட்டியையும் தேவியின் முன் வைத்துவிடுவர். விஜயதசமி காலைவரை எவரும் அவற்றைத் தொடுவதில்லை. கல்விக்குரிய தெய்வத்தின் நாளில் ஏன் படிக்கலாகாது என்று சிறுவர்கள் கேட்பது நியாயமே. அன்று மட்டும் அவர்களுக்குப் படிக்கும் ஆவல் பெருகுவதும் வேடிக்கையே. கொடுத்த பொருளைக் கொடுத்தவரே இடையில் எடுத்தால் அது கொடையாகாது. நாள்தோறும் விரும்பிச் செய்யும் ஒன்றை ஒருநாள் விட்டிருக்க மனம் எவ்வளவு தவிக்கிறது என்று கவனிப்பவர், அதனிடம் தமக்குள்ளது ஈடுபாடா, பற்றா என்று அறிந்துகொள்கிறார்.

விஜயதசமி காலையில் அவலும் பொரியும் வெல்லமும் படைத்துப் பூஜை எடுக்கப்படுகிறது. தட்டில் பரப்பிய அரிசியில் குழந்தையின் விரலைப் பிடித்து, மலையாள வீடுகளில் ‘ஹரிஸ்ரீ’யும் தமிழ் வீடுகளில் அகரமும் எழுதுவிக்கின்றனர். குழந்தை எழுந்தபின் தாத்தாவும் அதே தட்டின் முன் அமர்ந்து, முதல் எழுத்திலிருந்து தொடங்குகிறார். அதன் பின்னரே அவரவர் புத்தகம் அவரவர் கைக்குத் திரும்பி வருகிறது.