ஷூபர்ட்டின் 23-ஆம் சங்கீதம்: முக்கியக் குறிப்புகள்

அடிப்படைத் தரவுகள்
• இசையமைப்பாளர்: ஃபிரான்ஸ் ஷூபர்ட். பிறப்பு 31.01.1797; மறைவு 19.11.1828, இரண்டும் வியன்னாவில். வாழ்நாள் 31 ஆண்டுகள்
• படைப்பு: சங்கீதம் 23, பட்டியல் எண் டி 706
• இயற்றிய காலம்: 1820 டிசம்பர்
• நினைவுக்குறி: சங்கீத எண் 23, அப்போது ஷூபர்ட்டின் வயதும் 23
• அச்சேறியது: 1832, மறைவுக்குப் பின், ஓபஸ் 132 என்ற எண்ணில்
• ஓபஸ் எண்ணை வைத்து இயற்றிய ஆண்டைக் கணிப்பது பிழை. கால வரிசைக்கு டி எண்ணே ஆதாரம்
• டி = ஓட்டோ எரிக் டாய்ச்; ஷூபர்ட் படைப்புப் பட்டியல் வெளியீடு 1951

பாடல் வரிகள்
• மூலம்: எபிரேய மொழி, தாவீதின் பெயரில் வழங்குவது, 6 வசனங்கள்
• பொருள்: கடவுளை மேய்ப்பராகக் காணும் நம்பிக்கைப் பாடல்
• ஜெர்மன் மொழிபெயர்ப்பு: யூதத் தத்துவஞானி மோசஸ் மெண்டல்சோன் (1729–1786), வெளியீடு 1783
• லூத்தரின் மொழிபெயர்ப்பு அன்று. அடிக்கடி தவறும் விடை
• மோசஸின் பேரன்: இசையமைப்பாளர் ஃபெலிக்ஸ் மெண்டல்சோன் (1809–1847)
• இலத்தீன் வுல்காத்தா விவிலியத்தில் இதே பாடலின் எண் 22

யாருக்காக?
• அன்னா ஃப்ரோலிக் (1793–1880): வியன்னா இசைப்பள்ளியின் குரலிசை ஆசிரியை, பணி 1819 முதல் 1854 வரை
• பாடியோர்: அவருடைய மாணவியர். நான்கு குரல்களும் பெண்குரலாக அமைந்ததன் காரணம் இதுவே
• தங்கை கத்தரினா: கவிஞர் கிரில்பார்ட்சருக்கு நிச்சயிக்கப்பட்டு, இறுதிவரை மணமாகாதவர்
• இதே ஆசிரியைக்காக எழுந்த பிற பெண்குரல் படைப்புகள்: டி 757 (1822), கிரில்பார்ட்சரின் கவிதைக்கு அமைந்த டி 920 (1827)

இசையமைப்பு
• குரல்கள்: சோப்ரானோ 2, ஆல்டோ 2
• பக்க இசை: பியானோ மட்டும்; ஆர்கெஸ்ட்ரா இல்லை
• சுருதி: ஏ பிளாட் மேஜர். நடை: அடாஜியோ, அதாவது மெதுநடை
• நேரம்: ஏறத்தாழ 5 நிமிடம்
• பியானோவின் பங்கு: மும்மூன்றாக ஓடும் சுரங்கள், யாழ் மீட்டல் போன்ற ஒலி, அதன்மேல் நீண்டு நிற்கும் குரல்கள்
• உச்சப் பகுதி: மரண இருள் பள்ளத்தாக்கு பற்றிய வரி. இசை மைனர் சாயலுக்கு இருண்டு, மீண்டும் தெளிவடைதல். சொற்பொருளைச் சுருதி மாற்றத்தாலேயே உணர்த்துவதில் ஷூபர்ட்டின் தேர்ச்சிக்குச் சிறந்த சான்று
• ஆண்குரல் குழுக்களும் பாடுவது உண்டு. மூல வடிவம் பெண்குரலே

குழப்பம் தரும் இணை
• சங்கீதம் 92, டி 953, ஆண்டு 1828: இதுவும் ஷூபர்ட்டுடையதே. எபிரேய மொழியில், வியன்னா யூத ஆலயப் பாடகர் சாலமோன் சுல்சருக்காக, பியானோ இல்லை

23-ஆம் சங்கீதம்: பிறர் இசையில்
• செம்லின்ஸ்கி: ஓபஸ் 14, ஆண்டு 1910, ஆர்கெஸ்ட்ராவுடன்
• லெனார்ட் பெர்ன்ஸ்டைன்: ‘சிசெஸ்டர் சங்கீதங்கள்’ (1965), இரண்டாம் பகுதி, எபிரேய மொழியில்