காத்திருக்கும் மீன்தொட்டி

கற்றல் நோக்கம்: அறிவியல் செய்தியைத் தமிழில் படித்துப் பொருள் உணர்தல், நிகழ்வுகளை வரிசைப்படுத்திக் கூறுதல்.

நுழையும்முன்

மீன்தொட்டியை வாங்கிய அன்றே அதில் நீரை நிரப்பி மீன்களை விடுவது பலருடைய வழக்கம். நீர் பளிங்குபோல் தெளிந்திருக்கும். மீன்களும் துள்ளி நீந்தும். ஆயினும் சில நாள்களில் அவை உணவை வெறுக்கும். பின்னர் ஒவ்வொன்றாக மிதக்கும். தெளிந்த நீரில் மீன் ஏன் இறக்கிறது? இப்பாடம் அவ்வினாவிற்கு விடை கூறுகிறது.

கண்ணுக்குப் புலனாகாத நஞ்சு

ஆற்றிலும் குளத்திலும் வாழும் மீனுக்குப் பெரிய நீர்ப்பரப்பு உண்டு. அதன் கழிவு அந்நீரில் கலந்து செறிவு குறையும். சேற்றிலும் கல்லிலும் வாழும் நுண்ணுயிர்கள் எஞ்சியதை மாற்றிவிடும். 50 லிட்டர் கொள்ளும் புதிய தொட்டியில் இவ்விரு வசதிகளும் இல்லை.

மீன் தன் செவுள் வழியாக இடைவிடாது அம்மோனியாவை வெளியேற்றுகிறது. அது தின்னாமல் விட்ட உணவும் அழுகி அம்மோனியாவைத் தருகிறது. அம்மோனியா நிறமற்றது, ஆதலால் நீர் கெட்டுவிட்டதைக் கண் அறியாது. காரத்தன்மை மிகுந்த நீரில் லிட்டருக்கு ஓரிரு மில்லிகிராம் அம்மோனியா சேர்ந்தாலே மீனின் செவுள் புண்படும். மீனால் தன் துன்பத்தைச் சொல்ல இயலாது; தொட்டியை விட்டு வெளியேறவும் இயலாது.

இருவகை உழைப்பாளிகள்

இந்நஞ்சை மாற்றும் ஆற்றல் சிலவகை நுண்ணுயிர்களுக்கு உண்டு. 1890 ஆம் ஆண்டளவில் சூரிச் நகரில் ஆய்வு செய்த உருசிய அறிவியலறிஞர் செர்கேய் வினோகிராட்ஸ்கி, மண்ணில் இவ்வேலை இரண்டு படிகளில் நிகழ்வதையும், ஒவ்வொரு படியையும் வெவ்வேறு நுண்ணுயிர்கள் செய்வதையும் காட்டினார். வயல் மண்ணில் நிகழும் அதே வேலைதான் மீன்தொட்டியிலும் நிகழ்கிறது.

முதல்வகை நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சே. அது மீனின் குருதியில் கலந்து, உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுக்கிறது. குருதி பழுப்பு நிறமாகிறது. அதனால் நீரில் காற்று நிறைந்திருந்தும் மீன் நீர்மட்டத்திற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். இரண்டாம் வகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட்டின் தீங்கு மிகக் குறைவு. நீர்த்தாவரங்கள் அதனை உணவாகக் கொள்ளும். எஞ்சியதை நீர் மாற்றி அகற்றலாம். இத்தொடர் மாற்றம் நைட்ரஜன் சுழற்சியின் ஒரு பகுதியாகும்.

உறைமோரும் நுண்ணுயிரும்

இந்நுண்ணுயிர்களில் பெரும்பாலானவை நீரில் மிதப்பதில்லை. அவை வடிகட்டியின் பஞ்சிலும், சரளைக் கற்களிலும், கண்ணாடியிலும் ஒட்டி வாழும். புதிய தொட்டியில் அவை மிகச் சிலவே இருக்கும். பாலைத் தயிராக்கும் நுண்ணுயிர்கள் ஓர் இரவில் பெருகிவிடுகின்றன. இவையோ ஒருமுறை இருமடங்காவதற்கே ஏறத்தாழ ஒரு நாள் எடுத்துக்கொள்கின்றன. எனவேதான் புதிய தொட்டி பக்குவமடைய 4 முதல் 6 வாரங்கள் ஆகின்றன.

காய்ச்சி ஆறிய பாலில் உறைமோர் இட்டால்தான் தயிர் விரைந்து தோயும். அதுபோல, நெடுநாள் நலமாக இயங்கும் ஒரு தொட்டியின் பஞ்சிலிருந்து ஒரு துண்டைப் புதிய தொட்டியின் வடிகட்டியில் வைத்தால் காத்திருக்கும் காலம் குறையும். அத்தொட்டியின் மீன்கள் நோயற்றவையாக இருத்தல் வேண்டும்.

தொட்டியைப் பக்குவப்படுத்தும் முறை

1. குழாய் நீரில் கிருமிகளைக் கொல்லக் குளோரின் கலக்கப்படுகிறது. அது நல்ல நுண்ணுயிர்களையும் கொல்லும். எனவே நீரை அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைக்க வேண்டும். அல்லது கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கியைச் சேர்க்க வேண்டும்.

2. நீரை நிரப்பி, வடிகட்டியை இரவும் பகலும் இயக்க வேண்டும். இந்நுண்ணுயிர்களுக்கும் உயிர்வளி தேவை.

3. மீன் இல்லாத தொட்டியில் நாள்தோறும் ஒரு சிட்டிகை மீனுணவு இட வேண்டும். அது அழுகித் தரும் அம்மோனியாவே நுண்ணுயிர்களுக்கு உணவு.

4. சோதனைச் சொட்டுகளைக் கொண்டு நீரை ஆராய்ந்து குறித்துவர வேண்டும். முதலில் அம்மோனியா உயரும். பின்னர் அது குறைய, நைட்ரைட்டு உயரும். இறுதியில் நைட்ரைட்டும் குறைந்து நைட்ரேட்டு தோன்றும்.

5. உணவு இட்டுவரும் நிலையிலும் அம்மோனியா, நைட்ரைட்டு இரண்டும் தொடர்ந்து சில நாள்கள் சுழியமாக இருப்பின், தொட்டி பக்குவமடைந்துவிட்டது. பாதிக்கு மேற்பட்ட நீரை மாற்றிய பின்னர் மீன்களை விடலாம்.

தில்லி, சண்டிகர் போன்ற நகரங்களின் குளிர்காலத்தில் இம்மாற்றம் மிகவும் மந்தமாகும். நீரைச் சூடாக்கும் கருவியால் 25 முதல் 28 பாகை செல்சியசு வெப்பநிலையைப் பேணுதல் நன்று.

மீன் வந்த பின்னர்

எல்லா மீன்களையும் ஒரே நாளில் விடுதல் தவறு. முதலில் இரண்டு மூன்று சிறு மீன்களும், ஒரு வாரமோ இரு வாரமோ கழித்து மேலும் சிலவும் விடப்பட வேண்டும். கழிவு பெருகப் பெருக நுண்ணுயிர்களும் பெருக அவகாசம் வேண்டும். கங்கைச் சமவெளியைத் தாயகமாகக் கொண்ட வரிமீன், தொடக்கநிலையினருக்கு ஏற்றது. அது கூட்டமாக வாழ்வதால் பின்னர் அதன் எண்ணிக்கையை ஆறாகவேனும் உயர்த்த வேண்டும்.

வடிகட்டியின் பஞ்சு அழுக்காகத் தோன்றும். அதைக் குழாயடியில் தேய்த்துக் கழுவினால், வாரக்கணக்கில் வளர்ந்த நுண்ணுயிர்க் குடியிருப்பு சில நொடிகளில் அழியும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அதனை மெல்லப் பிழிந்து அலச வேண்டும். வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மாற்றுதல் நலம். நைட்ரேட்டு கலந்த அப்பழைய நீர் பூந்தொட்டிகளுக்கு நல்ல உரமாகும்.

மீன் இறந்தால், அது வலுவற்ற மீன் என்று கூறி வேறொன்று வாங்குவோர் உளர். அதே தொட்டியில் அடுத்த மீனும் இறக்கிறது. குறை மீனிடம் இல்லை. பக்குவமடையாத நீரிடம் உள்ளது. பதறாத காரியம் சிதறாது என்பது பழமொழி. வெறுந்தொட்டியைச் சில வாரங்கள் பார்த்திருப்பது சிறுவர்க்குக் கடினமே. ஆனால் அவ்வாரங்களில் அத்தொட்டி வெறுமையாக இருப்பதில்லை. வரவிருக்கும் மீன்களுக்காகக் கோடிக்கணக்கான உயிர்கள் அங்கே பெருகிக்கொண்டிருக்கின்றன.

சொற்பொருள்

செவுள் – மீன் மூச்சுவிடும் உறுப்பு
உயிர்வளி – ஆக்சிசன்
குருதி – இரத்தம்
பக்குவம் – ஏற்ற நிலை
அவகாசம் – போதிய காலம்

பயிற்சி

அ. பிரித்து எழுதுக.
1. நன்னீர் = நன்மை + நீர் (எடுத்துக்காட்டு)
2. நுண்ணுயிர்
3. வெறுந்தொட்டி

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. தெளிந்த நீரும் மீனுக்குத் தீங்காவது எவ்வாறு?
2. வடிகட்டியின் பஞ்சைக் குழாய் நீரில் கழுவலாகாது. ஏன்?
3. உறைமோர் உவமை எதனை விளக்குகிறது?

இ. நிகழும் முறைப்படி வரிசைப்படுத்துக.
நைட்ரேட்டு தோன்றுதல் – மீனுணவு அழுகுதல் – நைட்ரைட்டு உயர்தல் – அம்மோனியா உயர்தல்

ஈ. சிந்தித்து எழுதுக.
பிறந்தநாள் பரிசாக மீன்தொட்டி பெற்ற நண்பன், அன்று மாலையே மீன் வாங்க விரும்புகிறான். அவனுக்கு அறிவுரை கூறி ஐந்து தொடர்களில் கடிதம் எழுதுக.