ஏலம் கேட்குமுன் ஒரு கணக்கு

எங்கள் கண்டனூர்ப் பக்கம் ஏலம் ஒன்றும் புதுசு இல்லை. கண்மாய் மீனும் புளியமர மகசூலும் ஏலத்தில்தான் போகும். "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று கூவும்போதே எதிரே நிற்பவர் முகத்தைப் பார்த்து, இவர் இன்னும் ஏறுவாரா மாட்டாரா என்று தெரிந்துகொள்ளலாம். இணைய ஏலத்தில் முகம் கிடையாது, வெறும் எண்தான். அங்கேதான் நான் சறுக்கினேன்.

போன ஆடியில், கடனுக்காகப் பிடித்த மினி டிராக்டர் ஒன்று இணைய ஏலத்துக்கு வந்தது. ஆரம்ப விலை 90,000 ரூபாய். ஒண்ணேகால் லட்சத்துக்கு மேல் போவதில்லை என்று மனசுக்குள் வைத்திருந்தேன். கடைசி நேரத்தில் யாரோ ஏற்ற, நானும் ஏற்ற, 1,65,000-க்கு எனக்கு முடிந்தது. ஜெயித்துவிட்டோம் என்று வீட்டில் சந்தோஷம். வண்டி வந்த பிறகு டயர், பேட்டரி, ஏற்றுக்கூலி, வரி, பெயர் மாற்றம் என்று இன்னும் 70,000 போனது. மொத்தம் 2,35,000. அதே வருஷத்து வண்டியைக் காரைக்குடியில் நேரில் ஓட்டிப் பார்த்து 2 லட்சத்துக்கு வாங்கியிருக்கலாம். உரமும் பூச்சிக்கொல்லியும் வாங்காமல் மிச்சம் பிடித்த காசில் 35,000 அரை மணி நேரத்தில் போச்சு. அதில் கற்றதைச் சொல்கிறேன்.

1. உச்ச விலையை முன்கூட்டியே எழுதுங்கள். மனசில் வைப்பது போதாது, தாளில் எழுத வேண்டும். கணக்கு மேலிருந்து கீழே வரவேண்டும். வெளிச்சந்தை விலை 2,00,000. இதில் பழுதுச் செலவு 35,000, ஏற்றுக்கூலி 12,000, பெயர் மாற்றம் 8,000, வரியும் கட்டணமும் 15,000, தெரியாத பழுதுக்கு 20,000 கழியுங்கள். மீதி 1,10,000. அதுதான் உங்கள் எல்லை. நான் 55,000 தாண்டிப் போயிருக்கிறேன்.

2. பொருளைப் பார்க்காமல் கேட்காதீர்கள். 1964-இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனமான எம்.எஸ்.டி.சி. நடத்தும் ஏலமானாலும் சரி, வங்கி ஏலமானாலும் சரி, 'எங்கே எப்படி இருக்கிறதோ அப்படியே' என்பதுதான் வழக்கமான நிபந்தனை. பிறகு குறை சொல்ல முடியாது. பார்வையிட நாள் கொடுப்பார்கள். மெக்கானிக்கைக் கூட்டிப்போய், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். ஆர்.சி. புத்தகம், கடன் நீக்கத்துக்கான படிவம் 35, பெயர் மாற்றத்துக்கான 29, 30 எல்லாம் கிடைக்குமா, யார் கையெழுத்துப் போடுவார் என்று கேளுங்கள்.

3. கடிகாரத்தைப் படியுங்கள். ஏலம் இரண்டு வகை. ஒன்று, குறித்த நொடியில் முடிந்துவிடும். இதில் கடைசி நொடிவரை பொறுத்து ஒரே தடவை கேட்பவருக்கு லாபம், முன்னாடியே காட்டினால் போட்டிதான் சூடாகும். மற்றது, கடைசி நிமிஷங்களில் யாராவது கேட்டால் நேரம் தானாக நீளும். இங்கே ஒளிந்திருந்து பயனில்லை. நேரம் நீள நீள ஆசையும் நீளும். நான் மாட்டியது இதில்தான்.

4. தானியங்கி வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். சில தளங்களில் உச்ச விலையைச் சொல்லிவிட்டால், தளமே நமக்காகப் படிப்படியாக ஏற்றும். நீங்கள் 10,000 சொல்லி, அடுத்தவர் 7,000-இல் நின்றால், படி 200 என்றால், நீங்கள் கொடுப்பது 7,200 மட்டுமே. விலை அடுத்தவரை ஒட்டி அமைவதால் உண்மையான எல்லையைச் சொல்வதில் நஷ்டமில்லை. இந்தத் தத்துவத்தை 1961-இலேயே வில்லியம் விக்ரி என்ற பொருளாதார அறிஞர் விளக்கினார். 1996-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

5. ஜெயித்தால் சந்தேகப்படுங்கள். 1971-இல் அமெரிக்க எண்ணெய் நிறுவனப் பொறியாளர்கள் மூவர், கடலடி எண்ணெய் ஏலங்களைப் பற்றி ஒன்று எழுதினார்கள்: பொருளின் மதிப்பை ஆளுக்கொரு விதமாக மதிப்பிடும்போது, அதிகமாகத் தப்புக்கணக்குப் போட்டவரே ஏலத்தை எடுக்கிறார். இதற்கு 'வென்றவரின் சாபம்' என்று பெயர். போட்டியாளர் கூடக்கூட எல்லையைக் குறைக்க வேண்டும், ஏற்றக்கூடாது.

6. டேவணித் தொகையை மறவாதீர்கள். எடுத்த பிறகு பணம் கட்டாவிட்டால் அது போய்விடும். சில ஏலங்களில் அதிக விலை கேட்டாலும், விற்பவர் ஒப்புதல் தந்தால்தான் பொருள் நமக்கு. அதுவரை பணம் முடங்கும். விதைப்புக்கு வைத்த காசை இதில் போடாதீர்கள். தனி ஆள் எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொன்னால் அது ஏமாற்று.

இதையெல்லாம் கேட்ட பக்கத்து வயல் அண்ணன், "அதெல்லாம் சரி தம்பி, உனக்கு டிராக்டர் எத்தனை நாளைக்கு வேணும்?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. நம்முடையது மானாவாரி பூமி. புரட்டாசி விதைப்பை ஒட்டிச் சில நாள் உழவு, அப்புறம் வண்டி கொட்டகையில்தான். வேளாண்மைப் பொறியியல் துறையின் இ-வாடகைத் திட்டத்தில் டிராக்டர் வாடகைக்கே கிடைக்கிறது. இந்தக் கேள்வியை முதலில் கேட்டிருந்தால் ஏலத்துக்கே போயிருக்க மாட்டேன்.

இன்னொன்றும் மனசை உறுத்துகிறது. அந்த வண்டியின் ஏர்க்கொழுவில் காய்ந்த மண் ஒட்டியிருந்தது. கடன் கட்ட முடியாத இன்னொரு உழவரின் வயல் மண் அது. கடனில் வாங்கி அவர் இழந்தார், அவசரத்தில் வாங்கி நான் இழந்தேன். இப்போது அந்த வண்டியை நாங்கள் ஐந்து பேர் பங்கு போட்டு ஓட்டுகிறோம், டீசலும் பழுதும் பொது. அப்படி ஓட்டுவதால்தான் போட்ட காசு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது. நீங்கள் வாங்குவதானால், ஐந்து பேர் முதலிலேயே உட்கார்ந்து எல்லையை எழுதுங்கள். அதைத் தாண்டும்போது கையைப் பிடிக்க நாலு பேர் பக்கத்தில் இருப்பார்கள்.