பேச்சு வழக்குகள் வேறுபடுவது ஏன்?

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைத் தமிழ்)

தமிழ் ஒன்று, தமிழர் பேசும் பேச்சோ பல. ஏட்டில் எழுதும்போது குமரி மாவட்டத்தாரும் கோவை மாவட்டத்தாரும் ஏறத்தாழ ஒரே நடையில்தான் எழுதுகிறோம். வாய் திறந்தால் ஊர் தெரிந்துவிடுகிறது. ஒரே மொழியைப் பேசுவோரிடையே இவ்வேறுபாடு தோன்றக் காரணம் என்ன? இது பேசுவோரின் குறையா, மொழியின் இயல்பா? மொழியியல் வகுப்பில் கற்றவற்றையும், விடுதித் தோழர்களின் பேச்சில் கேட்டவற்றையும் கொண்டு இவ்வினாக்களுக்கு விடை காண முயல்கிறேன்.

தொல்காப்பியர் கண்ட வேறுபாடு

வழக்கு வேறுபாடு நேற்றுத் தோன்றியதன்று. செய்யுளுக்குரிய சொற்களை நால்வகையாகப் பகுத்த தொல்காப்பியர், அவற்றுள் ஒன்றைத் திசைச்சொல் என்றார். செந்தமிழ் நிலத்தைச் சேர்ந்த பன்னிரு நிலங்களில் வழங்கும் சொற்கள் அவை. குட்ட நாட்டார் தாயைத் 'தள்ளை' என்பர், குட நாட்டார் தந்தையை 'அச்சன்' என்பர் என உரைகாரர்கள் எடுத்துக்காட்டுத் தருகின்றனர். இச்சொற்கள் இன்று மலையாளத்தில் வாழ்கின்றன. அன்று திசைச்சொல்லாக இருந்தது இன்று வேறொரு மொழியின் சொல். மொழிக்கும் கிளைமொழிக்கும் இடையே நிற்பவை காலமும் பிரிவுமே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. தொல்காப்பியர் திசைச்சொல்லைப் பிழையென்று ஒதுக்கவில்லை. செய்யுளிலும் இடம்பெறத் தக்கதாகவே கொண்டார் என்பது நாம் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி.

ஒரு தொடர், ஐந்து வடிவம்

'அவர்கள் வந்தார்கள்' என்னும் எளிய தொடரை எடுத்துக்கொள்வோம். எங்கள் விடுதியில் தஞ்சைத் தோழர் 'அவங்க வந்தாங்க' என்கிறார். இராமநாதபுரத்துத் தோழர் 'அவுக வந்தாக' என்கிறார். நெல்லைத் தோழர் 'அவிய வந்தாவ' என்கிறார். கோவைத் தோழர் 'அவிங்க வந்தாங்க' என்கிறார். பிராமணர் இல்லங்களில் 'அவா வந்தா' என்பது வழக்கு.

மேலோட்டமாகப் பார்ப்போர் இவற்றைக் கொச்சை என்று கூறி அப்பால் சென்றுவிடுவர். உற்று நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படும். 'வந்தார்கள்' என்பதில் ரகர, ளகர மெய்கள் நழுவினால் 'வந்தாக' என்றாகும். இரண்டு உயிர்களுக்கு இடையே அகப்பட்ட ககரம் மெலிந்து வகரமானால் 'வந்தாவ'. 'அவர்கள்' என்பதில் ககரம் அறவே மறைந்து உயிர்கள் கூடினால் 'அவாள்', பின்பு 'அவா'. 'நாங்கள்', 'நீங்கள்' என்பவற்றின் சாயல் ஏறியதால் 'அவங்க', 'வந்தாங்க' என்பன தோன்றின எனக் கருத இடமுண்டு. ஒவ்வோர் ஊராரும் தமக்குரிய விதியை வழுவாமல் பின்பற்றுகின்றனர். நெல்லையார் ஒருநாள் 'வந்தாவ' என்றும் மறுநாள் 'போனாக' என்றும் தடுமாறுவதில்லை. 'போனாவ', 'இருந்தாவ' என்றே கூறுவர். விதி இருக்கும் இடத்தில் சிதைவு என்ற சொல்லுக்கு இடமேது?

இன்னும் ஒன்று உண்டு. நாம் செம்மையானது எனக் கொள்ளும் 'அவர்கள்', 'வந்தார்கள்' என்பனவும் தொன்மையான வடிவங்கள் அல்ல. தொல்காப்பியர் 'கள்' விகுதியை அஃறிணைக்கே கூறினார். அவர் வகுத்த நெறிப்படி 'அவர்', 'வந்தார்' என்பனவே போதும். திருக்குறளில் 'பூரியர்கள்', 'மற்றையவர்கள்' என 'கள்' உயர்திணையில் ஏறக் காண்கிறோம். ஒரு காலத்தின் புது வழக்கு மற்றொரு காலத்தின் இலக்கணமாகிறது. ஆகவே பொதுமொழியும் ஒரு வழக்குத்தான். ஏடும் பள்ளியும் அரசும் ஏற்றுக்கொண்டதால் உயர்வு பெற்ற வழக்கு.

வேறுபாட்டின் காரணங்கள்

முதலாவது காரணம், மொழி ஓயாமல் மாறுவது. மாற்றம் எல்லா இடத்திலும் ஒரே திசையில் செல்வதில்லை. ழகரம் மதுரைக்குத் தெற்கே பலர் நாவில் ளகரமாகிப் 'பளம்' ஆயிற்று. சென்னைப் பகுதியில் யகரமாகிப் 'பயம்' ஆயிற்று. இரண்டும் ஒரே ஒலியின் இருவேறு பிள்ளைகள்.

இரண்டாவது, நிலத்தின் தடை. மலையும் கடலும் மக்கள் கலப்பைக் குறைக்கும்போது, ஓரிடத்துப் புதுமை மற்றோரிடத்தை எட்டுவதில்லை. தொல்காப்பியர் கூறிய அ, இ, உ என்னும் மூன்று சுட்டுகளில் உகரம் தமிழகப் பேச்சில் மறைந்துவிட்டது; யாழ்ப்பாணத்தார் இன்றும் 'உவன்', 'உது' என்கின்றனர். நாம் 'காத்து', 'நேத்து' எனத் தகரமாக்கிய றகரத்தை அவர்கள் பழைய ஒலிப்போடு காத்து வருகின்றனர். பாக் நீரிணை சிறிதே. ஆயினும் அது செய்த வேலை பெரிது.

மூன்றாவது, ஆட்சி எல்லை. யாழ்ப்பாணம் 1619இல் போர்ச்சுக்கீசியர் ஆட்சிக்கு உட்பட்டது. நாம் நாற்காலி என்பதை அங்கே 'கதிரை' என்பதும், காலணியைச் 'சப்பாத்து' என்பதும் அம்மொழியின் எச்சங்கள். குமரி மாவட்டம் 1956 நவம்பர் முதல் நாள் வரை திருவிதாங்கூர், திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சியில் இருந்தது. அங்குள்ளோர் பேச்சில் மலையாளச் சாயல் இருப்பதில் வியப்பில்லை. சென்னைப் பேச்சில் உருதுவின் 'பேஜாரும்' 'நாஸ்டாவும்' புகுந்த வரலாறும் இத்தகையதே.

நான்காவது, தொழில். கடல்மேல் செல்வோர் வாடை, கொண்டல், சோழகம், கச்சான் எனக் காற்றைத் திசைதோறும் பெயரிட்டு அழைப்பர். உள்நாட்டில் வளர்ந்த என் போன்றோர்க்கு எல்லாம் வெறும் காற்று. அவர்களுக்கோ காற்றின் பெயர் தெரியாவிட்டால் கரை சேர்வது அரிது.

ஐந்தாவது, சமுதாயப் பிரிவு. ஒரே தெருவுக்கு அப்பால் வாழ்வோர் பேச்சு, ஐம்பது கல்லுக்கு அப்பால் வாழ்வோர் பேச்சைவிட வேறுபடுவதும் உண்டு. வில்லியம் பிரைட், ஏ. கே. இராமானுஜன் ஆகியோர் 1960களில் சாதியை ஒட்டிய பேச்சு வேறுபாடுகளை ஆராய்ந்தனர். மலை பிரித்தது போலவே மனிதன் எழுப்பிய சுவரும் பேச்சைப் பிரித்திருக்கிறது. வீட்டையும் உறவினரையும் குறிக்கும் ஒரு சொல்லைக் கேட்டவுடன் 'நீ யார் வீட்டுப் பிள்ளை?' என்று கணக்கிடுவோர் இன்றும் உளர். வழக்கு வேறுபாட்டின் அழகைப் பாடும்போது இதை மறைத்தல் நேர்மையாகாது. சொல் வாழட்டும், சுவர் வீழட்டும் என்பதே என் கருத்து.

நாவும் செவியும்

கிளைமொழியை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. பிறந்து ஓராண்டு நிறைவதற்குள்ளாகவே குழந்தையின் செவி தன்னைச் சூழ்ந்த பேச்சின் ஒலிகளுக்குப் பழகிவிடுகிறது. பின்னர் விளையாட்டுத் தோழர்களின் பேச்சு அதனோடு சேர்கிறது. இங்ஙனம் அமைந்த ஒலிப்பை மாற்றுவது வளர்ந்த பின் கடினம். ஒருவரது பேச்சை நகைப்பது, அவரை வளர்த்த தாயையும் தெருவையும் நகைப்பதாகும்.

என் தோழர் ஒருவர் முதலாண்டில் விடை தெரிந்தும் வகுப்பில் எழுந்து கூறமாட்டார். ஒருமுறை அவர் பேச்சின் இழுப்பைக் கேட்டுச் சிலர் சிரித்ததே காரணம். எழுத்துத் தேர்வில் அவர் பெற்ற மதிப்பெண் சிரித்தவர்களுடையதைவிட மிகுதி. ஆனால் அவர் எழுப்பியிருக்கக்கூடிய ஐயங்கள் ஓராண்டுக் காலம் எங்களுக்குக் கிட்டவில்லை. கிராமங்களிலிருந்து முதல் தலைமுறையாகக் கற்க வருவோர் நிறைந்த அரசுக் கல்லூரியில் இது சிறிய இழப்பன்று.

நாம் செய்யத்தக்கது

பொதுத்தமிழ் வேண்டாம் என்பது என் கருத்தன்று. எல்லா மாவட்டத்தாரும் ஒருவரையொருவர் அறிய அது இன்றியமையாதது. அதனை நாம் பிழையறக் கற்க வேண்டும். ஆனால் பொதுமொழியைக் கற்க வீட்டுமொழியை மறக்கத் தேவையில்லை. இடத்திற்கேற்ப இரண்டையும் ஆள்வதே புலமை.

ஆர். சண்முகசுந்தரம் 1942இலேயே 'நாகம்மாள்' புதினத்தில் கொங்குப் பேச்சை ஏட்டில் ஏற்றினார். கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களைத் தொகுத்து 1982இல் அகராதியாக்கினார். பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதி 2000இல் வெளிவந்தது. இப்பணி முடிந்துவிடவில்லை. ஏற்றம் போனதோடு ஏற்றத்தின் உறுப்புகளுக்குரிய சொற்களும் போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றை அறிந்த முதியவர்கள் நம் வீட்டுத் திண்ணைகளில்தாம் இருக்கின்றனர்.

வரும் கோடை விடுமுறையில் நம்மில் ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் ஐம்பது சொற்களைப் பொருளோடும், வழங்கும் இடத்தோடும் எழுதிக்கொண்டு வந்தால், அடுத்த ஆண்டு மலருக்கு நம் கல்லூரியே ஒரு சிறு சொற்றொகுதி அளிக்கலாம். பேராசிரியப் பெருமக்கள் வழிகாட்டினால் அதனைத் தொகுக்கும் பொறுப்பை ஏற்க நான் அணியமாயிருக்கிறேன்.