சீருடை அணியும் முன்

அன்புள்ள தம்பி,

கார்லைல் ராணுவ அருங்காட்சியகத்தின் வரலாற்று முகாமில் தொண்டனாகச் சேரப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். படித்ததும் மகிழ்ந்தேன். ஆனால் கடிதம் முழுக்கத் துப்பாக்கியைப் பற்றியே எழுதியிருக்கிறாய். அதைத் தூக்கிச் சுமந்த மனிதனைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன்.

பென்சில்வேனியாவில் உள்ள அந்த அருங்காட்சியகத்துக்கு வெளியே சுமார் ஒரு மைல் நீளத்துக்கு ஒரு நடைபாதை போகிறது. 1781-ல் யார்க்டவுனில் பிரிட்டிஷாரிடமிருந்து கைப்பற்றப்பட்ட மண்கொத்தளம், அமெரிக்க உள்நாட்டுப் போர்க்கால மரக்குடில்கள், முதல் உலகப்போரின் பதுங்குகுழி, வியட்நாம் போர் முகாம் என எல்லாவற்றையும் அங்கே மாதிரியாக எழுப்பியிருக்கிறார்கள். தொண்டர்கள் அந்தந்தக் காலத்து உடையில் கூடாரம் போட்டுத் தங்கி, வருவோரின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்கள்.

நீ தேர்ந்தெடுத்திருப்பது 1861-65 உள்நாட்டுப் போரின் வடபடைச் சிப்பாய். அவனுடைய ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கிக்குக் குழல் வாய்வழியாகத்தான் மருந்து இட வேண்டும். தோட்டாவைச் சுற்றிய காகிதத்தைப் பல்லால் கிழிப்பான். முன்பல் இல்லாதவனைப் படையில் சேர்க்க மறுத்தது இதனால்தான். நன்கு பழகியவன் நிமிடத்துக்கு மூன்று முறை சுடுவான். நீ சுடும்போது வெறும் மருந்து மட்டும்தான், குண்டு கிடையாது. ஆனாலும் குழலை யாரை நோக்கியும் திருப்பாதே. அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை, தன் பொறுப்பில் உள்ள போர்க்களங்களில் இரு படைகள் ஒன்றையொன்று சுடுவதுபோல் நடிப்பதை அனுமதிப்பதில்லை. அது சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன். ஆயிரக்கணக்கானோர் உயிர்விட்ட மண்ணில், செத்து விழுவதுபோல் நடித்துவிட்டு எழுந்து கைதட்டல் வாங்குவது எனக்கு ஒப்பவில்லை.

துப்பாக்கிச் சத்தம் அடங்கிய பிறகும் கூட்டம் உன்னைச் சுற்றி நிற்கும். உன் உண்மையான வேலை அப்போதுதான் தொடங்குகிறது. மாவும் தண்ணீரும் சேர்த்துச் சுட்ட ஹார்ட்டாக் ரொட்டியைக் குழந்தைகளின் கையில் கொடு. ஓடுபோல் இருக்கும் அதைக் காப்பியில் ஊறவைத்துத்தான் சிப்பாய்கள் தின்றார்கள். சில சமயம் புழுவும் சேர்ந்தே வரும். ஆளுக்குப் பாதியாகச் சுமந்துவந்த துணியை இருவர் பொத்தான் போட்டு இணைத்தால் ஒரு கூடாரம். அந்தக் கூடாரங்கள் நெருங்கிய முகாம்களில் வயிற்றுப்போக்கும் டைபாய்டும் பரவின. அந்தப் போரில் மாண்ட வீரர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரைக் கொன்றது நோய். குண்டடிபட்ட கதையைக் கேட்க வந்தவர்களிடம் இதையும் தவறாமல் சொல்.

சம்பளத்தைப் பற்றிக் கேட்டால் முழுவதையும் சொல். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். கறுப்பினச் சிப்பாய்க்கு 10 டாலர். அதிலும் உடைக்கென்று 3 டாலர் பிடித்துக்கொண்டார்கள். கறுப்பினச் சிப்பாய்களைக் கொண்ட 54-ஆம் மாசசூசெட்ஸ் படையினர், சம ஊதியம் தரும்வரை எதுவுமே வேண்டாம் என்று மறுத்தார்கள். ஊதியமே வாங்காமல் போரிட்டார்கள்; பலர் செத்தும் போனார்கள். 1864 ஜூனில்தான் அமெரிக்க நாடாளுமன்றம் சம ஊதியச் சட்டம் நிறைவேற்றியது. நீ அணியப்போகும் நீலச் சீருடைக்குள் இந்த அநீதியும் இருக்கிறது. பெருமையை மட்டும் சொல்லிவிட்டு இதை விழுங்கிவிடாதே.

சிலர் 1863-லேயே வாழ்வதுபோல் நடித்துப் பேசுவார்கள். உனக்கு அது வேண்டாம். அப்படி நடித்தால், அடிமைமுறையைப் பற்றி ஒரு சிறுமி கேட்கும்போது பின்னால் நடந்ததை உன்னால் சொல்ல முடியாது. நீயாகவே நின்று, “அவர்கள் இப்படி வாழ்ந்தார்கள்” என்று விளக்கு.

கடைசியாக ஒன்று. வியட்நாம் முகாமின் பக்கம், அந்தப் போரில் இருந்துவிட்டு வந்த முதியவர்கள் நிற்கக்கூடும். அவர்களுக்குப் போரை விளக்கப் போகாதே. அவர்களாகப் பேசத் தொடங்கினால் மட்டும் உட்கார்ந்து கேள். அவர்கள் அருகில் இருக்கும்போது, துப்பாக்கி வெடிக்கப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடு.

அன்புடன்,
அண்ணன்