காருக்குப் பிடிக்காத வழி

இத்தாலியின் திராட்சை மலைகளுக்குச் சைக்கிளோடு கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, கார் வராத ரோடு எது என்றுதான். கேள்வியிலேயே ஒரு சின்னப் பிசகு இருக்கிறது. ஃபுளோரன்ஸுக்கும் சியெனாவுக்கும் நடுவில் கிடக்கும் கியாந்தி மலைகளில், கார் வரக்கூடாது என்று தடுத்து வைத்த சாலைகளை நம்பிப் பயணம் திட்டமிட முடியாது. அங்கே 'ஸ்த்ராதே பியாங்கே', அதாவது வெள்ளைச் சாலைகள் என்று சொல்லப்படும் கப்பி ரோடுகள் பெரும்பாலும் எல்லா வண்டிக்கும் திறந்தவையே. கார் வராததற்குக் காரணம் சட்டமல்ல, காருக்கு அங்கே வர மனமில்லை. சற்றுச் சுற்றினாலும் தார்ச்சாலையில் சீக்கிரம் போய்ச் சேரலாம். சரளை தெறித்து பெயின்ட் உரியாது, கண்ணாடியில் மாவு போலத் தூசி படியாது. ஆகவே நான் சொல்ல வருவது இதுதான்: காரை விரட்டிய அதே மேடும் கல்லும் சைக்கிள்காரரையும் விரட்டப் பார்க்கும். அங்கே கிடைக்கும் அமைதிக்கு விலை உண்டு. அதைக் கிளம்புவதற்கு முன்பே கியரிலும் டயரிலும் நாள் கணக்கிலும் கட்டிவிடுவது நல்லது. மலையில் போய்க் கட்டினால் வட்டி அதிகம்.

இந்தச் சாலைகள் ஏன் தார் பார்க்காமல் நின்றன என்று தெரிந்துகொண்டால் வரைபடத்தைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும். இந்த மலைகள் அடங்கிய டஸ்கனியில் பல நூற்றாண்டுகள் நடந்தது 'மெட்சாத்ரியா' என்ற முறை. நம் ஊர்ப் பாதி வாரம்தான் அது. நிலம் பண்ணையாருடையது, உழைப்பு குடியானவருடையது, விளைச்சலில் ஆளுக்குப் பாதி. ஆனால் அந்த வாரக்குடி ஊருக்குள் இருந்துகொண்டு வயலுக்கு நடக்கவில்லை. தான் உழும் நிலத்தின் நடுவிலேயே, குன்றின் மேல் ஒரு கல்வீட்டில் குடும்பத்தோடு இருந்தார். குன்றுக்கு ஒரு வீடு, வீட்டுக்கு ஒரு வழி என்று மலை முழுக்க மாட்டுவண்டித் தடங்கள் பின்னிக்கொண்டன. இரண்டாம் உலகப்போருக்குப் பின் குடியானவர்கள் தொழிற்சாலைகளைத் தேடிப் போனார்கள். 1964ல் வந்த சட்டம் புதிதாக வார ஒப்பந்தம் போடுவதையே தடைசெய்தது. வீடுகள் காலியாயின, காலி வீட்டுக்குத் தார் போட யாருக்கு அவசரம்? பின்னாளில் தார் அங்கேயும் தேடி வந்தபோது அந்த வழிகளைக் காப்பாற்றவே ஆள் தேவைப்பட்டது. கையோலே என்ற ஊரிலிருந்து ஜான்கார்லோ ப்ரோச்சி 1997ல் 92 பேரோடு தொடங்கிய 'எரோய்க்கா' என்ற பழைய சைக்கிள் ஓட்டத்தின் நோக்கங்களில் ஒன்று, இந்த வெள்ளைச் சாலைகளைத் தாரிலிருந்து காப்பது. 2007ல் தொழில்முறைப் பந்தயமும் இதே சாலைகளுக்கு வந்தது.

இந்த வரலாற்றிலிருந்து இரண்டு விஷயங்களை எடுத்துக்கொள்ளலாம். ஊர்களை இணைக்கும் தார்ச்சாலை கூடியவரை மேட்டு முகட்டைப் பிடித்தே போகும். க்ரேவே, பன்சானோ, காஸ்தெல்லினா வழியாகச் சியெனாவுக்குப் போகும் 222ஆம் எண் சாலை அப்படிப்பட்டது. பார்க்க அழகு, ஆனால் மோட்டார் சைக்கிள்களும் சுற்றுலாக் கார்களும் அதே அழகுக்காகத்தான் வருகின்றன. வெள்ளைச் சாலை அப்படிப் போகாது. வீட்டிலிருந்து ஓடைக்கு விழும், ஓடையிலிருந்து அடுத்த வீட்டுக்கு ஏறும். இரண்டாவது, எல்லா வெள்ளைச் சாலையும் ஒன்றல்ல. இரண்டு ஊருக்கு நடுவில் கப்பி ரோடுதான் குறுக்குவழி என்றால், உள்ளூர்க்காரர் கார் அதில் பறக்கும். பக்கத்திலேயே தார்ச்சாலை ஓடுகிற, அதைவிட நேரம் பிடிக்கிற வெள்ளைச் சாலையைத் தேர்ந்தெடுங்கள். காருக்கு லாபமில்லாத வழியே நமக்கான வழி.

இனி விலைக் கணக்கு. எரோய்க்காவின் நீண்ட வழி 209 கிலோமீட்டர். மொத்த ஏற்றம் 3,500 மீட்டருக்கு மேல். ஆக, நீங்கள் ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர் போட்டாலும் 700, 800 மீட்டர் ஏற்றம் கூடவே வரும். ஆள், சைக்கிள், பை எல்லாம் சேர்த்து 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 10 சதவீதச் சரிவில் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஏற ஏறத்தாழ 130 வாட் தேவை. சுமாராகப் பழகியவர் கொடுக்கக்கூடியதே. அந்த வேகத்தில் 100 மீட்டர் உயர 12 நிமிடம், 800 மீட்டருக்கு ஒன்றரை மணிக்கு மேல். இந்த ஏற்றத் தூரம் போக மீதி 32 கிலோமீட்டரை மணிக்கு 14 என்று ஓட்டினாலும் இரண்டே கால் மணி ஆகும். நிற்பது, தண்ணீர் குடிப்பது, வழி தவறுவது எல்லாம் சேர்ந்து 40 கிலோமீட்டர் என்பது ஒரு முழு நாள். சமவெளியில் நூறு கிலோமீட்டர் ஓட்டியவர்கள் இந்த எண்ணைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிப்பவர்கள் கியரையும் பார்க்க வேண்டும். முன்னே 34 பல், பின்னே 28 பல் என்று இருக்கும் சாதாரண ரோடு சைக்கிளில் மேற்சொன்ன வேகத்துக்குப் பெடல் நிமிடத்துக்கு 31 சுற்றுதான் சுற்றும். அது மிதிப்பதல்ல, படியேறுவது. முட்டிதான் கணக்கைத் தீர்க்கும். முன்னே 30, பின்னே 40 என்றால் அதே ஏற்றத்தில் 50 சுற்று கிடைக்கும். நின்றுகொண்டு மிதித்துச் சமாளிக்கலாமே என்றால், தார்ச்சாலையில் முடியும். சரளையில் எழுந்து நின்றால் பின்சக்கரத்தின் மேல் பாரம் குறைந்து அது வெறுமனே சுழலும். சியெனாவுக்கு அருகே லெ தொல்ஃபே என்ற துண்டில் சரிவு 18 சதவீதம் வரை போகிறது; அங்கே உட்கார்ந்தே ஏற முடிந்த கியர்தான் கியர். முடியாவிட்டால் இறங்கித் தள்ளுவதில் ஒரு அவமானமும் இல்லை.

டயரைப் பற்றிச் சொல்லும்போது மண்ணையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கியாந்திக் குன்றுகளில் 'கலெஸ்த்ரோ' என்று ஏடு ஏடாக உதிரும் கல்லும் 'அல்பரேசே' என்ற கெட்டிச் சுண்ணாம்புக் கல்லும் உண்டு. திராட்சைக்கு நீர் வடிந்துபோகும் நிலம் வேண்டும். இந்தக் கல்மண் அதைத் தருகிறது. மழை பெய்தாலும் அந்தக் கப்பி ரோடு சீக்கிரம் காயும். சியெனாவுக்குத் தென்கிழக்கே, அஷ்ஷானோவைச் சுற்றியுள்ள 'க்ரேத்தே' பகுதி வேறு உலகம். கடல் அடியில் படிந்த களிமண்; கொடி குறைவு, கோதுமையும் ஆடுமே அதிகம். மோந்தே சாந்தே மரீயே என்ற 11 கிலோமீட்டருக்கு மேற்பட்ட புகழ்பெற்ற துண்டு அங்கேதான் இருக்கிறது. காய்ந்த நாளில் அதைப்போல ஒரு வழி கிடையாது. நல்ல மழைக்கு மறுநாள், கப்பி போட்ட தடத்தை விட்டு வயல்வழியில் இறங்கினால் மண் டயரோடு ஒட்டிப் பிரேக்கில் ஏறி, சக்கரமே சுற்றாமல் நின்றுவிடும். மழை கண்டால் வடக்கே கல்மண் பக்கம் போவது புத்தி. டயர் 40 மில்லிமீட்டர் அகலம் போதும். டியூப் இல்லாதது என்றால் இன்னும் நல்லது, காற்றைச் சற்றுக் குறைத்தே வைக்கலாம். பந்தயக்காரர்கள் இதைவிட ஒல்லியான டயரில் போகிறார்களே என்பார்கள். அவர்களுக்குப் பின்னால் உதிரிச் சக்கரத்தோடு ஒரு கார் வருகிறது! இறக்கத்தில் தகரக்கூரை போல அலை அலையாக எழும்பிய பகுதிகள் இருக்கும். பிரேக்கை வளைவுக்கு முன்பே பிடித்து முடித்துவிட வேண்டும், வளைவுக்குள் பிடித்தால் முன்சக்கரம் வழுக்கும்.

இதற்கெல்லாம் ஒரு பலமான மறுப்பு உண்டு. எரோய்க்காவில் 1987க்கு முந்தைய சைக்கிள்களில், கியர் லீவர் சட்டத்தில் இருக்கும் வண்டிகளில், வயதானவர்கள்கூட ஓட்டுகிறார்களே என்பது. உண்மைதான். ஆனால் ஓட்டுகிறவருக்கு அது ஒரு நாள் திருவிழா. வழியில் சோறும் மதுவும் கைதட்டலும் உண்டு, தள்ளிக்கொண்டு நடப்பதும் அதில் ஒரு மரபு. ஒரு வாரம் தினமும் ஓட்டி, மறுநாள் காலையும் சேணத்தில் உட்கார வேண்டியவருக்கு அது அளவுகோல் ஆகாது. மின்சார சைக்கிள் இருக்க இந்தப் பல் கணக்கு எதற்கு என்ற கேள்விக்கு எனக்கு மரியாதை அதிகம். வண்டியோடு 105 கிலோ பாரத்தை 800 மீட்டர் உயர்த்த சுமார் 230 வாட்மணி போதும். பாதியை நீங்கள் மிதித்துக் கொடுத்தால், இழப்பெல்லாம் போக 500 வாட்மணி பேட்டரி ஒரு நாளுக்குத் தாராளம். தயங்காமல் எடுங்கள். ஒன்று மட்டும்: மோட்டார் ஏற்றத்துக்குத்தான் உதவும். இறக்கத்தில் அதே கூடுதல் எடை சரளை மேல் உங்களைத் தள்ளும். டயரும் பிரேக்கும் பற்றிய கணக்கு அப்படியே நிற்கிறது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. வெளியூர்க்காரர் அழகு பார்க்க உள்ளூர்க்காரர் தூசி தின்ன வேண்டுமா? துணி காயப்போட முடியாத வீட்டைப் பற்றி யோசித்தால் இது நியாயமான கோபம். தார் போட்டால் தூசி போகும், ஆனால் வேகம் வரும். காலப்போக்கில் அந்த வீட்டுக்காரரே நடக்க முடியாத வழியாகிவிடும் என்பது என் எண்ணம். எப்படியும் முடிவு அவர்களுடையது. நாம் வீடுகளுக்கு அருகே மெதுவாகப் போகலாம். செப்டம்பரிலும் அக்டோபர் தொடக்கத்திலும் திராட்சை ஏற்றிய டிரெய்லரோடு டிராக்டர் வந்தால் ஓரத்தில் இறங்கி நிற்கலாம். அது அவர்களுடைய ஆண்டு வருமானம், நம்முடையது விடுமுறை. இலையுதிர் காலம் முற்றினால் காட்டுப்பன்றி வேட்டை தொடங்கிவிடும். இத்தாலியச் சட்டப்படி செவ்வாயும் வெள்ளியும் வேட்டை கிடையாது; காட்டு வழிகளை அந்த இரண்டு நாளுக்கு ஒதுக்கிக்கொண்டு, மற்ற நாளில் பளிச்சென்ற நிறத்தில் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீருக்கு ஊர்ச் சதுக்கக் குழாயை நம்பலாம். அது இல்லாத இடத்தில் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள், பூவுக்கு ஊற்ற அங்கே குழாய் இருக்கும். சிற்றூர்க் கடைகள் மதியம் சாத்திவிடும், ஆகவே ரொட்டியும் பாலாடைக்கட்டியும் காலையிலேயே பையில் ஏறட்டும். கடைசியாக மது. சுற்றிலும் கொடி இருக்க, பாதி வழியில் ஒரு கோப்பை என்று ஆசை வரும். ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் என்ற மது வரம்பு இத்தாலியில் சைக்கிள்காரருக்கும் பொருந்தும். அதைவிட, மதிய வெயிலில் ஒரு கோப்பைக்குப் பிறகு சரளை இறக்கம் தன் சட்டத்தைத் தானே அமல்படுத்தும். சிறு பண்ணைகள் பலவற்றில் சுவைத்துப் பார்க்க முன்பதிவு வேண்டும். அதை மாலை ஆறு மணிக்குப் போடுங்கள், முடிந்தால் அன்றிரவு படுக்கப்போகும் பண்ணையிலேயே.