காற்றாலைகளும் உலோகச் சோர்வும்: சில நம்பிக்கைகள், சில உண்மைகள்

காற்றாலைக்குப் பகை புயல்தான், ஏனைய நாள்களின் காற்று அதற்குத் தீங்கு செய்வதில்லை என்பது பரவலான நம்பிக்கை. புயலில் முறிந்த இறக்கையும் சாய்ந்த கோபுரமும் செய்தியாவதால் இந்த எண்ணம் வேரூன்றியதில் வியப்பில்லை. எனினும் ஒரு காற்றாலையின் ஆயுளைக் கணக்கிடும் பொறியாளர், புயலைத் தனிக் கணக்காக வைத்துக்கொண்டு, தம் உழைப்பின் பெரும்பகுதியைச் செய்தியாகாத சாதாரண நாள்களுக்கே செலவிடுகிறார். ஒரு பொருள் எளிதில் தாங்கிவிடும் சுமையும், ஏறுவதும் இறங்குவதுமாகப் பல லட்சம் முறை வரும்போது, அதனுள் நுண்விரிசலைத் தோற்றுவித்து, அதைச் சிறிது சிறிதாக வளர்த்து, இறுதியில் பொருளையே முறித்துவிடுகிறது. இழுத்து அறுக்க முடியாத கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடித்துவிடுவதை ஒத்த இந்நிகழ்வே சோர்வு எனப்படுகிறது. ரயில் அச்சுகள் முறிவதன் காரணத்தை ஆராய்ந்த ஜெர்மானியப் பொறியாளர் அவுகுஸ்ட் வோலர், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே இதைச் சோதனைகளால் நிறுவியிருந்தார். நிமிடத்துக்கு 15 சுற்று சுழலும் காற்றாலை ஆண்டுக்கு 6,000 மணி நேரம் ஓடுவதாகக் கொண்டால், 20 ஆண்டுகளில் அது 10 கோடி முறைக்கு மேல் சுழன்றிருக்கும்.

இத்தனை சுமை மாற்றங்களுக்கும் காற்றின் ஏற்ற இறக்கமே முழுக் காரணம் என்று கருதுவதும் பிழை. காற்று சிறிதும் மாறாமல் சீராக வீசினாலும் இறக்கையின் சொந்த எடை அதை விடுவதில்லை. கீழிறங்கும் பக்கத்தில் கிடையாக இருக்கும்போது எடை இறக்கையை அதன் முன்விளிம்பின் திசையிலும், மேலேறும் பக்கத்தில் பின்விளிம்பின் திசையிலும் வளைப்பதால், ஒவ்வொரு சுற்றிலும் இரு விளிம்புகளும் மாறிமாறி இழுபடவும் நெருக்குண்ணவும் செய்கின்றன. இறக்கையின் எல்லா அளவுகளையும் ஒரே விகிதத்தில் இரண்டு மடங்காக்கினால், காற்று அதன் அடிப்பகுதியில் உண்டாக்கும் வளைப்பு 8 மடங்காகிறது. அவ்வடிப்பகுதியின் தாங்குதிறனும் 8 மடங்காவதால் அக்கணக்கு சரியாகிவிடுகிறது. எடை உண்டாக்கும் வளைப்போ 16 மடங்காகிறது. சிறிய காற்றாலை நன்றாக ஓடினால் அதையே பெரிதாக்கிக் கட்டிவிடலாம் என்ற நம்பிக்கை இந்த எண்களிடம் தோற்றுப்போகிறது. நீளம் 100 மீட்டரைத் தாண்டிய இறக்கைகள் உருவாகியுள்ள இக்காலத்தில், அவற்றின் வளர்ச்சியை அளந்து கட்டுப்படுத்துவது காற்றைக் காட்டிலும் புவியீர்ப்பே என்று சொல்வது மிகையாகாது.

பெரிதாக்கும் ஆசைக்கு ஜெர்மனி கொடுத்த விலை நன்கு அறியப்பட்டது. 1983இல் வடகடற்கரையோரம் இயங்கத் தொடங்கிய குரோவியான் என்ற காற்றாலை, 100 மீட்டர் விட்டமும் 3 மெகாவாட் திறனும் இரண்டு இறக்கைகளும் கொண்டிருந்தது. இறக்கைகள் பொருந்தும் மையமான குடத்தின் பகுதியில் விரிசல்கள் தோன்றியதால், 1987இல் நிறுத்தப்படும்வரை மொத்தம் ஏறத்தாழ 420 மணி நேரமே அது ஓடியது. இதற்கு மாறாக, டென்மார்க்கின் கெட்சர் கரையில் 1957இல் யோஹானஸ் யூல் நிறுவிய 24 மீட்டர் விட்டமுள்ள மூவிறக்கைக் காற்றாலை, பெரிய பழுது எதுவுமின்றிப் பத்தாண்டு ஓடியது. முன்னதற்குக் கிடைத்த நிதியில் ஒரு சிறு துளியும் பின்னதற்குக் கிடைத்திருக்காது என்பது ஒருபுறம் இருக்க, இறக்கைகளின் எண்ணிக்கையே இங்குக் கவனிக்கத்தக்கது.

மூன்று இறக்கைகள் பார்வைக்கு அழகு என்பதற்காகவோ அதிக மின்சாரம் கிடைப்பதற்காகவோ தேர்ந்தெடுக்கப்பட்டன என்று நினைப்போர் உளர். மூன்றாவது இறக்கையால் கூடும் மின்சாரம் சொற்பமே. உண்மையான ஆதாயம் சுமையில் இருக்கிறது. தரையிலிருந்து உயரே செல்லச் செல்லக் காற்றின் வேகம் கூடுவதால், இரண்டிறக்கைக் காற்றாலையில் ஒன்று உச்சியில் மிகுந்த காற்றைப் பெறும் அதே நொடியில் மற்றது கோபுரத்தின் எதிரே குறைந்த காற்றில் நிற்கிறது. இந்த ஏற்றத்தாழ்வு ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் ஒருமுறை குடத்தையும் அச்சையும் உலுக்குகிறது. மேலும், காற்றின் திசைக்கேற்பத் தலைப்பகுதி திரும்பும்போது, இறக்கைகள் கிடையாக இருக்கையில் திருப்புவது கடினமாகவும் நெட்டாக இருக்கையில் எளிதாகவும் அமைந்து, திருப்பமே ஒரு துடிப்பாகிவிடுகிறது. மூன்று இறக்கைகளில் திருப்பத்தை எதிர்க்கும் நிலைமம் எக்கோணத்திலும் ஒன்றே.

இறக்கைகள் கோபுரத்துக்கு முன்னே சுழல்வதும் பின்னே சுழல்வதும் ஒன்றுதான் என்ற எண்ணத்தை அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் சோதனையே திருத்தியது. 1975இல் ஒஹையோ மாநிலத்தில் அது நிறுவிய 100 கிலோவாட் காற்றாலையில் இறக்கைகள் கோபுரத்துக்குப் பின்பக்கம் சுழன்றன. சட்டங்களால் ஆன கோபுரம் காற்றை எளிதில் விட்டுவிடும் என எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் உள்ளே அமைந்திருந்த படிக்கட்டும் சேர்ந்து காற்றை மறித்ததால், கோபுர நிழலைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் இறக்கைகள் எதிர்பாராத அளவு அதிர்ந்தன. படிக்கட்டை அகற்றிய பிறகே சுமை குறைந்தது.

கனமாகவும் விறைப்பாகவும் கட்டினால் நீடித்து நிற்கும் என்பது மற்றொரு நம்பிக்கை. கட்டடங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது இயல்பாகவே தோன்றும். ஆனால் ஒவ்வொரு கோபுரத்துக்கும் தானே ஆடும் இயல் அதிர்வெண் ஒன்று உண்டு. அதனோடு இறக்கைகளின் துடிப்பு ஒத்துப்போனால் ஆட்டம் பெருகி, சோர்வும் விரைந்து சேரும். நிமிடத்துக்கு 15 சுற்று என்பது நொடிக்கு 0.25 துடிப்பு; மூன்று இறக்கைகளும் கோபுரத்தைக் கடப்பதால் வருவது நொடிக்கு 0.75 துடிப்பு. இவ்விரண்டுக்கும் மேலே கோபுரத்தின் அதிர்வெண்ணைக் கொண்டுசெல்லப் பெருமளவு எஃகு தேவைப்படுமாதலால், இன்றைய கோபுரங்கள் பல வேண்டுமென்றே சற்று நெகிழ்வாக, இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அதிர்வெண்ணில் அமைக்கப்படுகின்றன. வலிமை மிகுந்த எஃகை வாங்கினால் போதும் என்பதும் சரியல்ல: வெல்டிங் செய்த இணைப்பின் சோர்வு எதிர்ப்பை அந்த இணைப்பின் வடிவமும் வேலைத்தரமுமே பெரிதும் தீர்மானிப்பதால், வடிவமைப்பு விதிகள் அங்கே எஃகின் வலிமைக்கு மதிப்பெண் தருவதில்லை.

நிறுத்தி வைத்த காற்றாலைக்குச் சோர்வு இல்லை என்பதும் தவறான நம்பிக்கையே. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 1941இல் இயங்கத் தொடங்கிய 1.25 மெகாவாட் ஸ்மித்–புட்னம் காற்றாலை, 1943இல் பேரிங் பழுதடைந்ததால் போர்க்காலத்தில் மாற்றுப்பொருள் கிடைக்காமல் இரண்டாண்டு நின்றிருந்தது. அந்நாள்களிலும் இறக்கைகள் காற்றில் குலுங்கிக்கொண்டேதான் இருந்தன. இறக்கையின் அடியில் ஒரு பலவீனமான இடம் இருப்பது முன்பே தெரிந்தும் அதை வலுப்படுத்த இயலவில்லை; மீண்டும் ஓடத் தொடங்கிய சில வாரங்களில், 1945 மார்ச் 26 அன்று, ஓர் இறக்கை முறிந்து பறந்தது.

வடிவமைப்பு ஆயுள் 20 ஆண்டு என்பதை மருந்துப் புட்டியின் காலாவதித் தேதியாகக் கொள்வது தமிழ்நாட்டுக்கு நேரடியாகப் பொருந்தும் பிழை. ஏனெனில் முப்பந்தல், கயத்தாறு பகுதிகளில் 1990களில் நிறுவப்பட்ட காற்றாலைகள் அந்த எல்லையைக் கடந்துவிட்டன. 20 ஆண்டு என்பது குறிப்பிட்ட காற்று வேகத்துக்கும் கொந்தளிப்புக்கும் போட்ட கணக்கு. சுமையின் ஏற்ற இறக்கம் 10 விழுக்காடு கூடினால் வெல்டிங் இணைப்பில் சேரும் சேதம் ஏறத்தாழ 1.3 மடங்காகிறது, கண்ணாடி இழையாலான இறக்கையிலோ 2.6 மடங்கு வரை செல்கிறது. முன்வரிசைக் காற்றாலையைக் கடந்து வரும் காற்று கலங்கியிருப்பதால், இறக்கை வட்டத்தின் விட்டத்தைப்போல் 5 முதல் 7 மடங்கு இடைவெளி விடுவது வழக்கம். அதைவிட நெருக்கமாக நடப்பட்ட இடத்தில், ஒரே ஆண்டில் ஒரே தொழிற்சாலையிலிருந்து வந்த இரண்டில் பின்னால் நிற்பது விரைவாகவே மூப்படையும். மாறா வேகத்தில் சுழலும் பழைய வகையாக இருப்பின் ஒவ்வொரு காற்றுவீச்சும் நேரே கியர் பெட்டியைத் தாக்கும். வேகம் மாறக்கூடிய புதிய வகையில் அதன் ஒரு பங்கைச் சுழற்சியே வாங்கிக்கொள்கிறது. ஆகவே ஆயுளை நீட்டிப்பதா, கழற்றிவிடுவதா என்று முடிவு செய்பவர் நிறுவிய ஆண்டைப் பார்ப்பதோடு நில்லாமல், அந்த இடத்தின் காற்றுப் பதிவுகள், இறக்கை அடியின் போல்ட்டுகள், கோபுர வாயிலைச் சுற்றிய வெல்டிங், அடித்தளத்தின் பிணைப்பு ஆகியவற்றை ஒவ்வொரு காற்றாலைக்கும் தனித்தனியே பார்க்க வேண்டியிருக்கிறது.